வாயுவை அளந்த பூதலிங்கம் அண்ணாச்சி

காற்றை அளக்க முடியுமா என்று இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ‘ஓ, முடியுமே’ என்று சொல்லிவிடும். நீ அளந்திருக்கிறாயா என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள், பேச்சு மூச்சு இருக்காது. அளந்தவர் ஒருவரோடு நான் மூன்று மாதம் ஒரே அறையில் குப்பை கொட்டியிருக்கிறேன். அவர் பட்டம் வாங்கியவர் இல்லை. இங்கிலீஷில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. களத்தில் நெல் அளந்து பிழைத்த பூதலிங்கம் அண்ணாச்சிதான் அவர். பெரிய மனிதர்களின் சரித்திரத்தை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவருடையதை நான் எழுதாவிட்டால் ஒருத்தரும் எழுதப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் தில்லைநாயகம். 1913-ஆம் வருஷம் வண்ணார்பேட்டையில் ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஒரு கல்லூரியில் ரசாயனப் பிரிவுக்கு உதவியாளனாக இருந்தேன். கல்லூரியின் பெயர் எதற்கு? அது இப்போது இல்லை. இருந்த காலத்திலும் கூரை ஒழுகியதைத் தவிர வேறு எதற்கும் பேர் வாங்கவில்லை.

பூதலிங்கத்துக்குச் சொந்த ஊர் கங்கைகொண்டானுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். தகப்பனார் அளவுகாரர், அவருக்குத் தகப்பனாரும் அளவுகாரர். அறுவடைக் களத்தில் மரக்காலில் நெல்லை அள்ளி, மேலே ஒரே இழுப்பில் தலைதட்டி, ‘லாபம்’ என்று முதல் மரக்காலைப் போடுவார். ஒன்று என்று சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுமாம். அதனால் முதல் எண்ணுக்குக் களத்தில் லாபம் என்று பெயர். அவர் அளந்த நெல்லைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அளந்தவர்கள் உண்டு, ஒரு பிடி கூடவோ குறையவோ கண்டவர்கள் இல்லை. நிலத்துக்காரரும் குத்தகைக்காரரும் பாம்பும் கீரியுமாக இருந்தாலும் ‘பூதலிங்கம் அளக்கட்டும்’ என்பதில் மட்டும் ஒற்றுமையாகிவிடுவார்கள். அந்தப் பேர்தான் அவருடைய சொத்து. வேறு சொத்து கிடையாது.

இரண்டு போகம் தொடர்ந்து மழை பொய்த்து, அளக்க நெல் இல்லாமல் போனபோது அவரும் மனைவி பிரம்மநாயகியும் வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. கல்லூரி விடுதிக் கிட்டங்கியில் சமையலுக்கு அரிசி பருப்பு அளந்து போடுகிற வேலை கிடைத்தது. ஆள் ஒல்லி, காது மட்டும் பெரிசு. எதைப் பார்த்தாலும் அளவு சொல்லாமல் இருக்க முடியாது. முதல் தடவை என் வீட்டுக்கு வந்தவர், உட்காருவதற்கு முன்னால் சுற்றிப் பார்த்துவிட்டு, “உம்ம கூடம் கீழ்ப்பக்கம் நாலு விரக்கடை குறையுது வே” என்றார். கயிறு பிடித்துப் பார்த்தேன். சரியாக நாலு விரல் அகலம் குறைந்தது. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் எனக்கு நிம்மதியாக உட்கார முடியவில்லை.

இனி நேசையா. எங்கள் கல்லூரியின் பௌதிக ஆசிரியர், பாளையங்கோட்டைக்காரர், முப்பத்திரண்டு வயது. தலைமுடியும் யோசனையும் எப்போதும் கலைந்தே இருக்கும். அவருக்கு அந்த வருஷம் ஒரு கிறுக்குப் பிடித்தது. வாயுக்கள் மின்சாரத்துக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கின்றன, சூடாக்கினால் அந்த வளைவு கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? இதுதான் அவர் கேள்வி. ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் போன வருஷம் இதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார், சரியா தப்பா என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார். ஜெர்மனிக்காரர் கணக்கை வண்ணார்பேட்டையில் எதற்குச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டேன். “வண்ணார்பேட்டையில சூடு இல்லையாவே?” என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல?

ஒரு பித்தளைக் குழாய்க்குள் இன்னொரு குழாய், இரண்டும் ஒட்டாமல் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் வாயுவை அடைத்து முத்திரை வைத்துவிட வேண்டும். குழாய்க்கு மின்சாரம் கொடுத்தால், வாயு எவ்வளவு வளைந்துகொடுக்கிறதோ அவ்வளவு கூடுதலாக மின்சாரம் பிடிக்கும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்று சொல்வது பக்கத்தில் இருக்கிற ஒரு திருகு. இருட்டறையில் எதிர்ச்சுவரில் ஓர் ஒளிப்பொட்டு விழுந்திருக்கும். திருகைத் திருப்பத் திருப்ப அது நகரும். சுவரில் கீறிய கோட்டில் பொட்டு வந்து நின்றதும் திருகு எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று திருகோடு சேர்ந்த எண் வட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. மூச்சை வேகமாக விட்டால்கூடப் பொட்டு ஓடிவிடும். மாணவர்கள் நாலு பேர் முயன்று, நாலு பேரும் நாலு எண் சொன்னார்கள். நேசையா திருப்பியபோது ஐந்தாவது எண் வந்தது.

இந்த நேரத்தில்தான் விடுதிக் கிட்டங்கிப் பக்கம் போன நேசையா, பூதலிங்கம் அரிசி அளப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் அளந்த பத்துப் படி அரிசியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி என் ரசாயனத் தராசுக்குக் கொண்டுவந்தார். எனக்கு எரிச்சல், அரிசி நிறுக்கவா தராசு வைத்திருக்கிறேன்? நிறுத்துப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. பத்துப் பொட்டலத்துக்கும் நடுவே ஒரு சிட்டிகை அரிசிதான் வித்தியாசம்.

“அண்ணாச்சி, எங்க பௌதிக அறைக்கு வாரீயளா? ஒண்ணு அளக்கணும்” என்றார் நேசையா.

“என்ன தானியம்யா?”

“காத்து.”

பூதலிங்கம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “இவரு சுகமாத்தான் இருக்காராவே?”

வந்தார். திருகைத் தொட்ட முதல் நாளே பொட்டு அவருக்குக் கட்டுப்பட்டது. இரண்டு விரலால், நெல்லுக்குத் தலைதட்டுகிற அதே நிதானத்தில், பைய நகர்த்துவார். பொட்டு கோட்டில் வந்து உட்காரும். திருகோடு வந்த வட்டு நூறு பாகமாகப் பிரித்தது, அது அவருக்கு ஒத்துவரவில்லை. “நூறுன்னா எனக்குக் கை ஓடல. மாகாணி, அரைக்கால், கால்னு இருந்தா கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்” என்றார். பித்தளை வேலை செய்யும் கன்னாரிடம் சொல்லி, பாகத்துக்கு ஒரு மாகாணியாகப் பதினாறு பாகமாகப் பிரித்த ஒரு வட்டு வெட்டி வாங்கிப் பொருத்தினோம். எண்ணை அவர் பார்த்துச் சொல்ல, நேசையா எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. சோதித்துப் பார்க்கத் திருகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியதுமே ‘லாபம்’ என்று குரல் கொடுத்தார். நேசையா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “யாருக்கு?” என்றார். விளக்கம் கேட்டுச் சிரித்து, நோட்டின் முதல் பக்கத்தில் ‘லாபம் என்றால் ஒன்று’ என்று எழுதிக்கொண்டார். களத்து வழக்கங்கள் அத்தோடு முடிந்தன என்று நாங்கள் நினைத்தோம்.

முதலில் சாதாரணக் காற்றை அடைத்தோம். முக்கால் சுற்று வந்தது. சூடாக்கினோம், முக்கால். இன்னும் சூடாக்கினோம், அதே முக்கால். “இது சிவனேன்னு இருக்கு. அடுப்புல தூக்கி வச்சாலும் ரோசம் வராது” என்றார் பூதலிங்கம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நேசையாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

அடுத்தது அம்மோனியா. அங்கேதான் என் தலையில் விடிந்தது. நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி, வருகிற வாயுவைச் சுட்ட சுண்ணாம்பின் வழியே விட்டு ஈரம் போக்கிக் கொடுப்பது என் வேலை. கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாக ஊற்றும். வீட்டுக்குப் போனால், யார் செத்துப்போனார்கள் என்று கேட்பார்கள். போதாதற்கு அம்மோனியாவுக்கும் பித்தளைக்கும் ஆகாது, ஒரே வாரத்தில் குழாய் பச்சை பிடித்துவிட்டது. தெருவில் போன ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டு உட்புறம் முழுக்க ஈயம் பூசி வாங்கினோம். ரசம் வைக்கிற பாத்திரமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறு எப்படிச் சொல்வது?

ஆடி, ஆவணி, புரட்டாசி, மூன்று மாதமும் அளந்தோம். அறையின் சூடு முப்பது டிகிரி. வெந்நீரில் வைத்தால் அறுபதும் எண்பதும். விடுதியின் இட்லிக் கொப்பரையை இரவல் வாங்கி, ஆவியில் வைத்தால் நூறு. காய்ச்சிய நல்லெண்ணெயில் வைத்தால் நூற்று முப்பது. எண்ணெய் காய்கிற நாளில் மாடி முழுக்க மணத்து, வடை எப்போது என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அம்மோனியா காற்றைப் போல இல்லை. அறைச் சூட்டில் ஒன்பது சுற்று. சூடு ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வந்தது.

ஏன் இறங்குகிறது என்று பூதலிங்கம் கேட்டார். நேசையா சொன்னார்: “அம்மோனியாவோட ஒவ்வொரு துணுக்குக்கும் முன்பக்கம் பின்பக்கம் உண்டு அண்ணாச்சி. மின்சாரம் வந்தா எல்லாம் அது பக்கமா முகத்தைத் திருப்பப் பாக்கும். சூடு அதைத் திரும்ப விடாது, போட்டு உலுக்கும். காத்துத் துணுக்குக்கு முகமே கிடையாது, அதான் அதுக்கு வித்தியாசம் இல்ல.”

பூதலிங்கம் காதைத் தடவினார். “புரியுது. ஆனித் தேரோட்டத்துல எல்லாரும் தேரைத்தான் பாக்கணும்னு நிக்கான். மத்தியான வெயில்ல கால் சுட்டா எவன் தேரைப் பாப்பான்? அவனவன் குதிக்கத்தான் செய்வான்.” நேசையா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த நாள் வகுப்பில் அதையே தம்முடைய உவமை மாதிரிச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் நேசையா எண்களைப் படமாகப் போட்டார். போட்டவர் கத்திக்கொண்டே என் அறைக்கு ஓடிவந்தார். எல்லாப் புள்ளியும் ஒரே சீராக இறங்கும்போது, ஆவிச் சூட்டில் மட்டும் ஒரு புள்ளி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நூறு டிகிரியில் அம்மோனியாவுக்குள் என்னவோ நடக்கிறது, ஜெர்மனிக்காரர் கணக்கில் அது இல்லை, உலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்றார். நான் அதற்கு ‘நேசையா மேடு’ என்று பெயர் வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சந்தோஷப்பட்டார். ராத்திரி பகல் பாராமல் எழுதிக் கட்டுரையை முடித்தார். பிரின்சிபால் துரை கடிதம் வைத்து லண்டனுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைத் தபாலில் போக வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் நேசையா பூதலிங்கத்தைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். நானும் இருந்தேன்.

“இங்கன பாருங்க. முப்பது டிகிரியில ஒம்பது. அறுபதுல எட்டேகால். எண்பதுல எட்டுக்கு அரைக்கால் குறைவு. நூத்திமுப்பதுல ஏழு. எல்லாம் வரிசையா இறங்குதா? இந்த வரிசைப்படி பாத்தா ஆவிச் சூட்டுல ஏழரை வரணும். நீங்க பதினோரு தடவை அளந்தீய. பதினோரு தடவையும் ஏழே முக்கால்! அந்தக் கால் சுத்துதான் அண்ணாச்சி நம்ம கண்டுபிடிப்பு.”

பூதலிங்கம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் கால் சுத்து இல்லேன்னாய்யா?”

“இல்லேன்னா புதுசு ஒண்ணும் இல்ல. ஆனா பதினோரு தடவை வந்திருக்கே! உங்க கை தப்புமா?”

 அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அளவு சொல்லாமல் அவர் ஓர் இடத்தை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பிரம்மநாயகி என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் மூடிபோட்ட ஏனம். “ராத்திரி வச்ச சோறு அப்படியே இருக்கு. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்காவ. கருக்கல்லயே ஆத்துக்குப் போனவுக, இன்னும் வரல. நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்க” என்றாள்.

போனேன். படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். குளிக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை, சும்மா நின்றார். நான் கரையிலிருந்து கூப்பிட்டேன்.

“தில்லைநாயகம், அந்த மேடு என் வாயில இருந்து வந்ததுவே” என்றார்.

பிறகு சொன்னார். அவர்கள் களத்தில் நெற்குவியல் ஏழரை மரக்காலில் முடியக் கூடாது. சனியன் பேர் கொண்ட எண், அதை வீட்டுக்குள் எடுத்துப்போகக் கூடாது என்று அவருடைய தகப்பனார் காலத்து வழக்கம். அப்படி முடிந்தால் அளவுகாரர் தன் கூலி நெல்லிலிருந்து கால் மரக்காலை அள்ளிப் போட்டு, ஏழே முக்கால் ஆக்கிச் சொல்ல வேண்டும். ஆவிச் சூட்டில் முதல் தடவை ஏழரை வந்தபோது நாக்கு தானாக ஏழே முக்கால் என்று சொல்லிவிட்டது. அவருக்கே அந்த வருஷம் ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது, சனிக்கிழமை தவறாமல் பிரம்மநாயகி எள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத வாயுதானே, கல்லூரிக்கு நல்லதாகவே இருக்கட்டும் என்று பதினோரு தடவையும் அப்படியே சொல்லிவிட்டார். அந்தக் கால் சுற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் லண்டன் வரை போவார் என்று அவர் நினைக்கவே இல்லை.

அப்போது நான் சொன்னதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இது பூதலிங்கம் சரித்திரம் ஆகாது.

“பேசாம இரும்வே” என்றேன். “இன்னைக்குத் தபால் போயிரும். லண்டன்ல எவன் வந்து ஈயம் பூசின குழாயில அளந்து பாக்கப் போறான்? நேசையாவுக்குப் பேரு. உமக்கு வேலை. யாருக்கு நஷ்டம்? களத்துலயும் இதைத்தானே செஞ்சீரு?”

அவர் தண்ணீரை அடித்துக்கொண்டு கரையேறி வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“களத்துல கால் மரக்கால் நெல்லைப் போட்டுட்டுல்லாவே சொன்னேன்! என் கூலி நெல்லு. சொல்லும்போது அது ஏழே முக்காலாவே இருந்துது. திருப்பி அளந்தவன் அத்தனை பேருக்கும் சரியா வந்துது. இங்க எதைப் போட்டேன்? ஒரு மண்ணும் போடல, வாயாலதான் போட்டேன். அளக்காமச் சொன்னவன் அளவுகாரனாவே?”

 ஈர வேட்டியோடு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். வழியில் பிரம்மநாயகி நின்றிருந்தாள். அவளிடமும் விஷயத்தைச் சொன்னார். நான் அழுவாள் என்று பார்த்தேன். “போய்ச் சொல்லிட்டு வாங்க. வேலையைச் சனியன் கொண்டுபோனா போட்டும், நாம வேற பாத்துக்கிடலாம். முதல்ல வேட்டியை மாத்துங்க, சளி பிடிக்கும்” என்றாள்.

நேசையா உறைக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். பூதலிங்கம் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னார், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் சேர்க்கவில்லை. நேசையாவின் கையில் அரக்கு உருகிச் சொட்டிக்கொண்டே இருந்தது.  எழுந்து வெளியே போய் வேப்பமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். மனிதர் மூன்று மாதமாகத் தூங்காமல் கட்டிய மேடு, கால் மணி நேரத்தில் தரைமட்டம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“மேடு போனது பரவாயில்ல அண்ணாச்சி” என்றார்.  “மத்ததை எப்படி நம்புவேன்? ஒம்பது நெசமா ஒம்பதா? ஏழு நெசமா ஏழா? நோட்டுல இருக்கிறது பூராவும் உங்க வாய்ச்சொல்லுதானே.”

அடி விழுந்திருந்தால்கூடப் பூதலிங்கம் அப்படி நின்றிருக்க மாட்டார். மூன்று தலைமுறையில் அந்தக் கேள்வியை ஒருவரும் அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. கிட்டங்கிக்கே திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. திருகுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“வட்டை என் கண்ணுக்குத் தெரியாம மறைச்சுருங்கய்யா. நான் பொட்டைப் பாத்துத் திருகை மட்டும் திருப்புதேன். பொட்டு நின்னதும் நிக்குதுன்னு சொல்லுவேன், வேற வாய் திறக்க மாட்டேன். எண்ணை நீங்க பாத்துச் சொல்லுங்க, தில்லைநாயகம் எழுதட்டும். அஞ்சு சூட்டுலயும் அளப்போம். ஒண்ணே ஒண்ணு பழைய நோட்டுக்கு ஒத்துவரலேன்னாலும் திருகை விட்டுட்டுப் போயிருதேன். அதுக்குப் பொறவு ஒருத்தருக்கும் எதையும் அளந்து குடுக்க மாட்டேன்.”

நேசையா உறையை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வியாழக்கிழமைத் தபால் அந்த உறை இல்லாமலே போயிற்று.

திருகுக்கும் பூதலிங்கத்துக்கும் நடுவே வட்டை மறைத்து ஓர் அட்டையை நிறுத்தினோம். கைக்கு மட்டும் ஓட்டை. திங்கட்கிழமை தொடங்கினோம். முதல் நாள் அறைச் சூடு. “நிக்குது” என்றார். நேசையா குனிந்து பார்த்து, “ஒம்பது” என்றார். நான் பழைய நோட்டைப் புரட்டினேன், ஒன்பது. இரண்டாம் நாள் வெந்நீரில் எட்டேகால் வந்தது. அன்றைக்கே எண்பதில் எட்டுக்கு அரைக்கால் குறைவு. இரண்டும் நோட்டில் இருந்தது போலவே. மூன்றாம் நாள் நல்லெண்ணெய். காய்கிற எண்ணெய் மணத்தில், நேசையா வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தார். “ஏழு. மாகாணிகூட இங்கன அங்கன இல்ல” என்றார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பூதலிங்கம் நன்றாகச் சாப்பிட்டார்.

கடைசியாக ஆவி. அன்றைக்குச் சனிக்கிழமை. நாங்கள் வேண்டுமென்று வைக்கவில்லை, கொப்பரை அன்றைக்குத்தான் கிடைத்தது. பிரம்மநாயகி காலையிலேயே கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு, நேரே கல்லூரிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்தினோம். கொப்பரை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் இருந்தது. சுவரில் ஒளிப்பொட்டு தூங்குகிற பூச்சி மாதிரி அசைந்து, மெல்ல நகர்ந்து, கோட்டில் ஏறி உட்கார்ந்தது.

“நிக்குது” என்றார் பூதலிங்கம்.

நேசையா குனிந்து வட்டைப் பார்த்தார். நான் பென்சிலோடு காத்திருந்தேன்.  அவர் நிமிர்ந்து பூதலிங்கத்தைப் பார்த்தார், மறுபடி வட்டைப் பார்த்தார். சனியையும் கேதுவையும் ஒரு நாளும் நம்பாத மனிதர், ஞாயிறு தவறாமல் வேதக்கோயில் மணி கேட்டதும் கிளம்புகிறவர், அந்த எண்ணைச் சொல்ல நாக்கு எழாமல் நின்றார். ஏழரை நடக்கிற ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே, சனிக்கிழமையும் அதுவுமாக, அதை எப்படிச் சொல்வது என்று தயங்கிவிட்டார். அவர் சொல்லாமல் நான் எழுத முடியாது.

பூதலிங்கம் கையைத் திருகிலிருந்து எடுக்கவில்லை. கண்ணைப் பொட்டிலிருந்தும் எடுக்கவில்லை.

“ஏன்யா நிக்கீய? அட்டை என் கண்ணைத்தானே மறைச்சிருக்கு, விரலை மறைக்கலையே. ஏழரை! சத்தமாச் சொல்லுங்க, வெளிய அவளுக்கும் கேக்கட்டும்.”

“ஏழரை” என்றார் நேசையா. குரலில் சிரிப்பு கலந்து வந்தது.

“எழுதும்வே” என்றார் பூதலிங்கம் என்னைப் பார்த்து.

எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கம் முழுவதும் அச்சுப் போல என் கையெழுத்து ஓடும், அந்த ஓர் எண் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். திருகில் இருந்த கை ஆடவே இல்லை, ஆடியது ஆற்றங்கரையில் பேசாமல் இரும் என்று சொன்னவனின் கை.